உயிரா, நட்சத்திரமா? போர் அங்கத நாவல்களில் படைவீரர்களின் சுயநலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முக்கியமாக இரண்டு நாவல்களைப் பற்றியது. ஒன்று, அமெரிக்கர் ஜோசப் ஹெல்லர் 1961-இல் வெளியிட்ட 'கேட்ச்-22'. இன்னொன்று, செக் எழுத்தாளர் யாரோஸ்லாவ் ஹாஷேக் 1921 முதல் எழுதி, 1923-இல் முடிக்காமலே இறந்துபோன 'நல்ல சிப்பாய் ஷ்வேய்க்'. ஷேக்ஸ்பியரின் நாடகப் பாத்திரம் ஃபால்ஸ்டாஃபும் நம் கலிங்கத்துப்பரணியும் நடுவில் வந்துபோவார்கள். கதை முடிவுகளையும் பேசியிருக்கிறேன். இன்னும் படிக்காதவர்கள் கடைசிக் கேள்வியை மட்டும் பார்த்துவிட்டு, படித்த பிறகு திரும்பி வாருங்கள்.

போர்க்கதை என்றால் வீரம்தானே? இந்த நாவல்களில் மட்டும் ஏன் ஆளாளுக்குத் தன் காரியத்தைப் பார்க்கிறார்கள்?

வீரகதைகளில் படை என்பது ஒரே உடம்பு மாதிரி. ஆயிரம் பேர், ஒரே ஆசை. அங்கதம் எழுதுகிறவர் அந்த உடம்புக்குள் புகுந்து, இந்த ஆளுக்கு என்ன வேண்டும், அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்கிறார். அப்படிக் கேட்டால் வருகிற பதில்கள் வேறு.

ஷ்வேய்க்கில் பலூன் என்று ஒரு சிப்பாய் வருவான். ஊரில் மாவு மில் வைத்திருந்தவன், பெரிய தாடிக்காரன். அவனுக்குப் பசி அடங்குவதே இல்லை. லெப்டினன்ட் லூகாஷுக்கு எடுபிடியாகப் போனவன் அவருடைய சாப்பாட்டையே தின்றுவிடுகிறான். தண்டனையாக, பரிமாறும் நேரத்தில் சமையற்கட்டுக்குப் பக்கத்திலேயே அவனைக் கட்டி வைக்கச் சொல்கிறார் லூகாஷ். வாசனை மூக்கில் ஏற வேண்டும், கை மட்டும் எட்டக் கூடாது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசர், தேசம், எல்லை எதுவும் பலூனின் மண்டையில் இல்லை. அவனைப் பொறுத்தவரை உலகப்போர் என்பது வயிற்றுக்குப் போதாத ரேஷன். இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், மனசும் கனக்கும். அத்தனை பெரிய போர் அந்த ஒரு வயிற்றுக்குள் இருக்கிறது.

உயிர் பிழைக்க நினைப்பதும் சுயநலம், பதவிக்கு அலைவதும் சுயநலம். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் இந்த நாவல்களைச் சரியாகப் பிடித்துக்கொண்ட மாதிரி.

'கேட்ச்-22' நாயகன் யோசாரியன் விமானத்திலிருந்து குண்டு வீசுகிறவன். அவனுக்கு இருப்பது ஒரே ஆசை: சாகக் கூடாது. அவனுடைய கர்னல் காத்கார்ட்டுக்கும் ஒரே ஆசை: ஜெனரல் ஆக வேண்டும், தோளில் நட்சத்திரம் ஏற வேண்டும். இரண்டுமே தன்னைப் பற்றிய ஆசைதான். ஆனால் யோசாரியனின் ஆசை நிறைவேற வேறு யாரும் சாக வேண்டியதில்லை. காத்கார்ட்டின் ஆசைக்கு அடுத்தவன் மறுபடி மறுபடி விமானம் ஏற வேண்டும். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்பார்களே, அந்தக் கை கர்னலுடையது. அங்கே ஊற்றப்படுவது நெய் இல்லை, அவ்வளவுதான்.

ராணுவம் என்ன செய்கிறது? முதல் ஆசையைக் கோழைத்தனம் என்கிறது, இரண்டாவதைக் கடமையுணர்வு என்கிறது. ஹெல்லர், ஹாஷேக் இருவரும் அந்தப் பெயர்ப் பலகைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பதைக் காட்டுகிறார்கள்.

காத்கார்ட் பயணங்களின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவது நிஜத்தில் நடக்கக்கூடியதா?

அடிப்படை நிஜம்தான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு வீரர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தாக்குதல் பயணம் போனால் ஊருக்குத் திரும்பலாம். இங்கிலாந்திலிருந்து பறந்த எட்டாவது விமானப்படையில் அது முதலில் 25 ஆக இருந்தது. 1944-இல் 30 ஆனது, பிறகு 35. இத்தாலிப் பக்கம் பறந்தவர்கள் இன்னும் அதிகம் போனார்கள். ஹெல்லரே கோர்சிகா தீவிலிருந்து பி-25 விமானத்தில் 60 முறை போய்வந்தவர். எண்ணிக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாவல் சேர்ப்பது அதற்கான காரணத்தைத்தான். காத்கார்ட்டுக்கு 36 வயது. அந்த வயதிலேயே கர்னல் ஆகிவிட்டோம் என்று பெருமை. 36 ஆகியும் இன்னும் கர்னல்தானே என்று வருத்தம். இரண்டுக்கும் நடுவில் தூக்கமில்லை. மற்ற படைப்பிரிவுகளைவிடத் தன் ஆட்கள் அதிகம் பறந்தால் மேலிடத்தின் கண்ணில் படலாம் என்று கணக்குப் போடுகிறார். 40 என்பது 45 ஆகிறது, 50, 55, 60. ஒரு கட்டத்தில் மக்வாட் என்ற விமானி தன் விமானத்தை மலையில் மோதிச் செத்துப்போகிறான். அந்தத் துக்கத்தில் கர்னல் எண்ணிக்கையை 65 ஆக்குகிறார். அந்த விமானத்தில் டாக்டரும் இருந்தார் என்று கேள்விப்பட்டதும் 70. சாவுச் செய்தி வந்தால் சாவுக்கு வழியை அகலப்படுத்துகிற மனம் அது.

படைக்குரு (ராணுவப் பாதிரியார்) வந்து, பறக்கும் முன் பிரார்த்தனை நடத்தலாமா என்ற பேச்சு வருகிற இடத்தையும் பாருங்கள். கர்னலுக்கு முதலில் உற்சாகம். பிரபல வாரப் பத்திரிகை ஒன்றில் தன் படம் வரும் என்று நினைக்கிறார். சாதாரணச் சிப்பாய்களும் அதிகாரிகளும் கும்பிடுவது ஒரே கடவுளைத்தான் என்று தெரிந்ததும் அந்த யோசனையை அப்படியே கைவிடுகிறார்.

மைலோ மைண்டர்பைண்டர் கெட்டவனா, வெறும் வியாபாரியா?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மைலோ மெஸ் பொறுப்பு அதிகாரி. தொடக்கத்தில் நல்ல பிள்ளை. வீரர்களுக்கு நல்ல முட்டை, நல்ல வெண்ணெய் கிடைக்க வேண்டும் என்று அலைகிறான். மால்டாவில் முட்டையை 7 சென்ட்டுக்கு வாங்கி, மெஸ்களுக்கு 5 சென்ட்டுக்குக் கொடுக்கிறான். ஆனாலும் லாபம் வருகிறது. ரகசியம் என்னவென்றால், சிசிலியில் 1 சென்ட்டுக்கு வாங்கி மால்டா ஆட்களுக்கு விற்றவனும் அவன்தான். கேட்டால், லாபம் எனக்கில்லை, சிண்டிகேட் என்ற கூட்டு நிறுவனத்துக்கு, அதில் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பான். அந்த 'எல்லோருக்கும் பங்கு' என்ற சொல்தான் அவனுடைய ஆயுதம். பங்கு இருக்கிறது என்று நம்பியவன் கேள்வி கேட்பதில்லை.

அப்புறம் வியாபாரம் வளர்கிறது. ஓர்வியேட்டோ பாலத்தைத் தாக்க அமெரிக்கர்களிடம் ஒப்பந்தம் போடுகிறான், செலவுக்கு மேல் 6 சதவீதம். அதே பாலத்தைக் காக்க ஜெர்மானியர்களிடமும் அதே 6 சதவீதத்துக்கு ஒப்பந்தம். சுட்டு வீழ்த்தும் ஒவ்வொரு அமெரிக்க விமானத்துக்கும் தனியாக ஊக்கத்தொகை. அந்தத் தாக்குதலில் யோசாரியனின் கூடாரத்துக்குப் புதிதாக வந்த மட் என்ற வீரன், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் செத்துப்போகிறான். பிறகு பணமுடை வந்தபோது, தன் சொந்த முகாமின் மேலேயே குண்டு போடும் வேலையை ஜெர்மானியர்களிடமிருந்து எடுக்கிறான் மைலோ. ஊரே கொதிக்கிறது. அவன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வந்த லாபத்தைக் காட்டுகிறான். கொதிப்பு அடங்கிவிடுகிறது.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே வந்துவிடலாம். சிரிப்பு நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஸ்னோடன் என்ற இளம் வீரன் விமானத்தின் பின்பகுதியில் அடிபட்டுக் கிடக்கிறான். குளிருகிறது, குளிருகிறது என்கிறான். யோசாரியன் தொடைக் காயத்துக்குக் கட்டுப்போட்டு, வலி தெரியாமலிருக்க மார்ஃபின் கொடுக்கலாம் என்று முதலுதவிப் பெட்டியைத் திறக்கிறான். மார்ஃபின் ஊசி ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் அழகான கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு: மைலோவின் கம்பெனிக்கு எது நல்லதோ அது நாட்டுக்கும் நல்லது என்று. கீழே கையெழுத்து. அந்தச் சீட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, வலியில் முனகுகிறவனை எதிரில் வைத்துக்கொண்டு யோசாரியன் இருக்கிற அந்தச் சில வினாடிகள் போதும். அதற்குமுன் படித்த முட்டைக் கணக்கெல்லாம் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

(1953-இல் அமெரிக்க செனட் விசாரணையில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவராக இருந்த சார்லஸ் வில்சன், நாட்டுக்கு நல்லது கம்பெனிக்கும் நல்லது, கம்பெனிக்கு நல்லது நாட்டுக்கும் நல்லது என்ற பொருளில் பேசியது அங்கே பிரபலம். சீட்டில் கேட்பது அந்தக் குரல்.)

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். மைலோ அதோடு நிற்கவில்லை, வீடு எரிந்துகொண்டே இருக்க ஏற்பாடும் செய்தான். அவனுக்கு யார் மேலும் பகை கிடையாது. அதனால்தான் அவனை வெறுமே வியாபாரி என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

பதவி ஆசை தேசபக்தி வேஷம் போட்டு வருகிற இடம் உண்டா?

கேப்டன் பிளாக். ஸ்குவாட்ரன் தளபதி பதவி தனக்குத்தான் வரும் என்று காத்திருந்தவர். அது மேஜர் மேஜர் என்ற விசித்திரப் பெயர்க்காரனுக்குப் போய்விடுகிறது. பிளாக் அந்த வயிற்றெரிச்சலை வெளியில் சொல்ல முடியாது. அதனால் விசுவாசப் பிரமாண இயக்கம் ஒன்றைத் தொடங்குகிறார். வரைபடம் வாங்க ஒரு கையெழுத்து, பாராசூட் வாங்க இன்னொரு கையெழுத்து, சம்பளம் வாங்க, முடிவெட்ட, எல்லாவற்றுக்கும் நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று கையெழுத்து. மேஜர் மேஜரை மட்டும் கையெழுத்துப் போடவே விடுவதில்லை. போடாதவன் துரோகிதானே!

1947-இல் ஜனாதிபதி ட்ரூமனின் ஆணைக்குப் பிறகு அமெரிக்க அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கிற வேலை பெரிதாக நடந்தது. கதை நடப்பது 1944-இல் என்றாலும், ஹெல்லர் எழுதிக்கொண்டிருந்தது 1950-களின் அச்சத்துக்கு நடுவில்.

இந்த இயக்கம் முடிகிற விதம் எனக்கு மிகப் பிடித்த பக்கங்களில் ஒன்று. மேஜர் டி கவர்லி, எல்லோரும் பயப்படுகிற கிழ அதிகாரி, ரோமிலிருந்து திரும்பி மெஸ்ஸுக்குள் வருகிறார். உள்ளே ஒரே நெரிசல். ஒருவன் சாப்பாட்டுக்காகக் கையெழுத்துப் போடுகிறான், இன்னொருவன் உப்புக்கும் கெச்சப்புக்கும் தேசிய கீதம் பாடுகிறான். யாரோ அவரிடமும் ஒரு தாளை நீட்டுகிறார்கள். அவர் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, சாப்பாடு போடு என்கிறார். பிறகு திரும்பி, எல்லோருக்கும் போடு என்கிறார். அவ்வளவுதான், அந்த மாபெரும் இயக்கம் அங்கேயே படுத்துவிட்டது. பசித்தவனுக்குச் சோறு போடு என்று ஒருவர் சொல்ல இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

மெடல் கிடைப்பது வீரத்துக்குத்தானே?

ஃபெராரா பாலக் கதையைப் படியுங்கள். முதல் சுற்றில் குறி சரியாக அமையவில்லை என்று யோசாரியன் இரண்டாம் முறை அதே பாலத்துக்கு மேலே போகிறான். பாலம் உடைகிறது, கிராஃப்ட் என்ற விமானியும் அவனுடைய ஆட்களும் சாகிறார்கள். திரும்பியதும் காத்கார்ட்டும் அவருடைய வலதுகை கோர்னும் திகைக்கிறார்கள். இரண்டு முறை போனதை மேலிடத்துக்கு எப்படி எழுதுவது? தண்டித்தால் தவறு வெளியே தெரியும். கோர்ன் வழி சொல்கிறார்: வெட்கப்பட வேண்டியதைப் பெருமையாகப் பேசிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். யோசாரியனுக்கு மெடலும் கேப்டன் பதவியும் வருகின்றன. கிராஃப்ட்டை அந்தக் கூட்டத்தில் யோசாரியனைத் தவிர யாரும் நினைக்கவில்லை.

ஷ்வேய்க்குக்குச் சுயநலமே கிடையாதா?

அவனிடம் பதவி ஆசை துளியும் கிடையாது. பிராகில் கலப்பு நாய்களுக்குப் போலி வம்சாவளி எழுதி விற்றுப் பிழைத்தவன் அவன். ராணுவத்தில் எந்தக் கட்டளை கொடுத்தாலும் அப்படியே கீழ்ப்படிகிறான். கீழ்ப்படிந்தே காரியத்தைக் குட்டிச்சுவராக்குகிறான். குடிகார ராணுவப் பாதிரியார் ஓட்டோ காட்ஸ் அவனைச் சீட்டாட்டத்தில் லூகாஷிடம் தோற்றுவிடுகிறார், ஆளையே பந்தயம் வைத்து. அப்போதும் முகத்தில் அதே சிரிப்பு. உள்ளுக்குள் கணக்குப் போடுகிறானா, நிஜமாகவே அப்பாவியா என்று ஹாஷேக் கடைசிவரை சொல்வதில்லை. மேலே ஏற ஆசையில்லாதவனைப் பிடித்து இழுக்க ராணுவத்திடம் கயிறு இல்லை. அதனால்தான் அவனைக் கண்டால் அதிகாரிகளுக்கு அவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவனைச் சுற்றியிருப்பவர்களைப் பாருங்கள், பதவி ஆசையின் பல நிறங்கள் தெரியும். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து வந்த லெப்டினன்ட் டூப், சிப்பாய்களை மிரட்டுவதும் விசுவாசத்தைக் காட்டுவதுமாகவே திரிகிறார். 'என்னை இன்னும் உனக்குத் தெரியாது' என்பது அவருடைய வாய்ப்பாடு. பிறகு ஒரு விபசார விடுதியில் குடித்துக் கிடக்கிற நிலையில் ஷ்வேய்க்தான் அவரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கேடட் பீக்லர் இளைஞன், தன்னை வருங்காலத் தளபதியாகவே நினைப்பவன். ரயிலில் கிரீம் ரோலையும் கோன்யாக் பிராந்தியையும் ஒன்றாகத் தள்ளிவிட்டுத் தூங்கி, ஜெனரலாகிச் சொர்க்கத்துக்கே காரில் போவதாகக் கனவு காண்கிறான். விழித்தால் வயிறு கலங்கி உடையெல்லாம் நாசம். முதல் உலகப்போரின் வீரக்கனவு மொத்தமும் அந்தப் படுக்கையில் கிடக்கிறது.

ஹாஷேக் 1915-இல் செஸ்கே புடேயோவிட்சேயின் 91-ஆவது காலாட்படைப் பிரிவில் இருந்தவர். அதே ஆண்டு ரஷ்யர்களிடம் பிடிபட்டார். ஷ்வேய்க்கும் அதே 91-ஆவது பிரிவுதான்.

இதெல்லாம் நவீன காலத்துச் சங்கதியா?

இல்லை. 1590-களின் கடைசியில் ஷேக்ஸ்பியர் எழுதிய நான்காம் ஹென்றி நாடகங்களில் ஃபால்ஸ்டாஃப் படைக்கு ஆள் எடுக்கப் போகிறான். வசதியுள்ளவர்களாகப் பார்த்துப் பிடிக்கிறான், அவர்கள் காசு கொடுத்து விலகுகிறார்கள். 150 ஆட்களுக்குப் பதிலாக 300 பவுண்டுக்கு மேல் தேற்றிவிட்டதாக அவனே ஒப்புக்கொள்கிறான். மிஞ்சியது கந்தல் உடுத்திய ஏழைகள். அவர்கள் வெடிமருந்துக்குத் தீனி, குழியை நிரப்ப அவர்களே போதும் என்கிறான். மானம் உடைந்த காலை ஒட்டவைக்குமா என்று கேட்கிற அதே ஃபால்ஸ்டாஃப்தான் இவன். அந்தக் கேள்விக்காக அவனை ரசிக்கிறவர்கள் இந்த 300 பவுண்டை மறந்துவிடக் கூடாது. ஒரே ஆளுக்குள் இரண்டு சுயநலமும் இருக்கின்றன.

தமிழில் இப்படி ஏதாவது உண்டா?

கலிங்கத்துப்பரணியில் உண்டு, ஆனால் திசை வேறு. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதல் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடினார். தோற்ற கலிங்க வீரர்கள் தப்பிக்கப் போடும் வேஷங்கள் அதில் வரிசையாக வருகின்றன. தலைமுடி பறிக்கப்பட்டு, இடுப்புத் துணியும் உருவப்பட்டவர்கள் தங்களைச் சமணர் என்கிறார்கள். வில்லின் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டவர்கள், கங்கையில் நீராட வந்து நடுவில் மாட்டிக்கொண்டோம் என்கிறார்கள். யானை மணியைத் தாளமாகப் பிடித்துப் பாணராக நடித்துப் பிழைத்தவர்களும் உண்டு. 'கலிங்கம்' என்றால் துணி என்றும் பொருள் இருப்பதால், 'அரைக்கலிங்கம் உரிப்புண்ட கலிங்கர்' என்று சொல்லிலேயே விளையாடுகிறார் புலவர்.

வில்நாணைப் பூணூலாக்குகிற அந்தக் கையும் யோசாரியனின் கையும் ஒன்றுதான். ஆனால் பரணியில் சிரிப்பது ஜெயித்தவன், சிரிக்கப்படுவது தோற்றவன். ஹெல்லரும் ஹாஷேக்கும் தங்கள் பக்கத்து அதிகாரிகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். செயங்கொண்டாரின் கவித்திறனுக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் அந்த ஓடுகிற வீரர்கள் பக்கம்தான் என் மனம் போகிறது.

அப்படியானால் இந்த நாவல்கள் ஓடிப்போவதை நியாயப்படுத்துகின்றனவா?

'கேட்ச்-22' முடிவைக் கவனியுங்கள். காத்கார்ட்டும் கோர்னும் யோசாரியனுக்கு ஒரு பேரம் வைக்கிறார்கள். ஊருக்கு வீரனாக அனுப்பிவிடுகிறோம், எங்களை உனக்குப் பிடித்திருக்கிறது என்று நல்லபடியாக நாலு வார்த்தை பேசினால் போதும். வெறும் சுயநலக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? உயிர் மிச்சம், மெடல் மிச்சம், கப்பல் டிக்கெட் கையில். முதலில் சரி என்று தலையாட்டியும் விடுகிறான். பிறகு அந்தப் பேரத்துக்குப் பின்னால் மற்றவர்கள் பறந்துகொண்டே இருப்பார்கள் என்பது உறைக்கிறது. வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஸ்வீடனுக்கு ஓடத் துணிகிறான். பிடிபட்டால் விசாரணை, பிடிபடாவிட்டால் நாடற்ற வாழ்க்கை. சுலபமான வழியை விட்டுவிட்டுக் கஷ்டமான வழியில் ஓடுகிறவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

'கேட்ச்-22' என்ற விதிதான் என்ன?

பைத்தியம் பிடித்தவன் பறக்க வேண்டாம். ஆனால் அவனே வந்து கேட்க வேண்டும். சாவுக்குப் பயந்து வந்து கேட்டால் புத்தி தெளிவாக இருக்கிறது என்று பொருள், ஆகவே பறக்க வேண்டும். இதை யோசாரியனுக்கு விளக்கிச் சொல்கிற டாக் டனீக்காவும் தன்னைப் பற்றியே புலம்புகிற ஆள். பறக்காமலே பறந்ததாகப் பட்டியலில் பெயர் எழுதவைத்து, பறப்பவர்களுக்கான படியை வாங்குகிறார். மக்வாட்டின் விமானம் மோதியபோது அவர் தரையில்தான் நின்றுகொண்டிருந்தார். ஆனால் பட்டியலில் அவர் பெயர் இருந்ததால், செத்தவராகவே அறிவிக்கப்படுகிறார். அவருடைய மனைவி இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு, முகவரி விடாமல் வீடு மாறிவிடுகிறாள்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஷ்வேய்க்கை எங்கே வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம், ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனிக்கதை போல நிற்கும். யோசஃப் லாடாவின் கோட்டோவியங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். 'கேட்ச்-22' அப்படி இல்லை. மொத்தம் 42 அத்தியாயங்கள், காலம் முன்னும் பின்னும் தாவும், முதல் நூறு பக்கம் தலை சுற்றும். எத்தனையாவது பயணம் என்ற எண்ணை மட்டும் விரலில் பிடித்துக்கொண்டே போங்கள், எது முன், எது பின் என்று தெரிந்துவிடும். ஸ்னோடனின் பெயர் நாலைந்து இடங்களில் சும்மா வந்துபோகும், தாண்டிப் போய்விடாதீர்கள். 41-ஆவது அத்தியாயத்தில் அவன் குளிருகிறது என்று சொல்லும்போது அந்தப் பெயர் நினைவில் இருக்க வேண்டும்.